ஒரு காதுக்கா, இரண்டு காதுக்குமா? அம்மாவுக்குக் காது கேட்கும் மெஷின் வாங்கியபோது பார்த்தது

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு காதும் கிட்டத்தட்ட ஒரே அளவு மந்தம். வயதால் வருவது பெரும்பாலும் அப்படித்தான். எங்கள் பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. புளூடூத் எல்லாம் உள்ள உயர்ரக மெஷின் ஒன்று, அல்லது காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண டிஜிட்டல் மெஷின் இரண்டு. சில நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டாகவே வாங்கினோம்.

எதிரே உட்கார்ந்து பேச, டிவி பார்க்க ஒன்றே போதும். பேட்டரி செலவும் பாதி. ஆனால் எங்களுக்குப் பெரிய கவலை, அம்மா நடக்கும்போது தள்ளாடுவது.

கேட்கும் உறுப்பும் சமநிலை பார்க்கும் உறுப்பும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன. மூளைக்குப் போவதும் ஒரே எட்டாவது நரம்பு வழியாக. அமெரிக்காவில் 40 முதல் 69 வயதுள்ள 2,017 பேரை வைத்து 2012இல் வந்த ஆய்வில், 25 டெசிபல் அளவு லேசான இழப்பு உள்ளவர்களே மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக விழுந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

உள்காதின் தேய்மானத்தை மெஷின் சரிசெய்யாது. அது திருப்பித் தருவது சுற்றியுள்ள சத்தத்தை. ஃபேன் இங்கே, குழாய் அங்கே என்று காது பிடித்துவைப்பதும் நிலையாக நிற்க உதவுகிறது. 2015இல் 14 முதியவர்களிடம் நடந்த சின்ன ஆய்வில், மெஷின் போட்டிருந்தபோது கூடுதல் நேரம் தடுமாறாமல் நின்றார்கள்.

சத்தம் வரும் திசையை மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வித்தியாசத்தில்தான். வலது காதில் மட்டும் போட்டிருந்த அன்று, தெருவில் இடப்பக்கம் ஹாரன் அடித்தது. அம்மா சட்டென்று வலப்பக்கம் திரும்பினார், கால் பின்னிக்கொண்டது. நல்லவேளை, முழங்கையைப் பிடித்திருந்தேன். இரண்டும் போட்டபின் குக்கர் விசில் வந்தால் நேராக அடுக்களைப் பக்கம் திரும்புகிறார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பராமரிப்பு இரட்டிப்பு வேலைதான். அழுக்கைத் துடைக்க வேண்டும், ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும், ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரியை இரண்டிலும் மாற்ற வேண்டும். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலக் குறி இருப்பதால் மாறிப்போவதில்லை.

எங்களுக்கு எட்டு மாத அனுபவம்தான். அம்மா இதுவரை விழவில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியையும் தினமும் அடுக்களை மேடையைப் பிடித்தபடி செய்கிறார். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தலை கிறுகிறுவென்று சுற்றினாலோ, ஒரு காது திடீரென அடைத்துப்போனாலோ மெஷின் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ராத்திரி கழற்றி வைத்துவிட்டால் ஒன்றும் இரண்டும் சமம். அதற்காகக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சின்ன விளக்கு மூன்று போட்டிருக்கிறோம்.