மருந்துத் தட்டுப்பாடு: கையிருப்பா, மாற்றுப் பாதையா, சொந்தத் தயாரிப்பா?

துறைமுகம் முடங்கினாலும், எல்லையில் லாரிகள் நாள்கணக்கில் தேங்கினாலும் நோயாளிக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். இதற்கு அரசுகள் போடும் திட்டங்களைப் பார்த்தால் பெரும்பாலும் நாலு வழிகள்தான்: ஏற்றுமதித் தடை, கையிருப்பு, மாற்றுப் பாதை, சொந்தத் தயாரிப்பு.

ஏற்றுமதித் தடையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2020 மார்ச்சில் இந்தியா பாராசிட்டமால் உட்பட 26 மூலப்பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு போட்டது, அடுத்த மாதமே பெரும்பாலானவற்றை விலக்கிக்கொண்டது. இந்தியாவே மூலப்பொருளுக்குச் சீனாவை நம்பியிருக்கிறது. ஆளாளுக்குக் கதவைச் சாத்தினால் எல்லாருக்கும்தான் கஷ்டம்.

என்னைக் கேட்டால் முதலிடம் கையிருப்புக்குத்தான், ஆனால் அரசே கிடங்கு கட்டி அடுக்கி வைக்கும் கையிருப்புக்கு அல்ல, அது காலாவதியாகிக் குப்பைக்குப் போக நிறைய வாய்ப்பு உண்டு. பின்லாந்து முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள், மருத்துவமனைகள் என எல்லாரும் மருந்தைப் பொறுத்து 3, 6 அல்லது 10 மாதத் தேவையை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பழைய சரக்கு விற்பனைக்குப் போகப் போக புதுசு உள்ளே வந்துகொண்டே இருக்கும். பிரிட்டன் 2018இல் பிரெக்சிட்டுக்காக, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும்போது எல்லையில் தடங்கல் வரலாம் என்று, நிறுவனங்களிடம் கூடுதலாகக் கேட்டது 6 வாரச் சரக்கு. எல்லை நெரிசலுக்கு அது சரி, மாதக்கணக்கில் இழுக்கும் வர்த்தகச் சண்டைக்குப் போதாது. அமெரிக்கா 2025 ஆகஸ்ட்டில் மாத்திரைக்குப் பதில் மூலப்பொருளையே 6 மாத அளவுக்குச் சேர்க்க முடிவெடுத்தது. விலை குறைவு, நாள்பட நிற்கும். ஆனால் அதை மருந்தாக்கித் தர ஆலை ஓட வேண்டுமே!

சேர்த்து வைக்கவே முடியாத மருந்துகளும் இருக்கின்றன. இதய, எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் 6 மணி நேரத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். அதைத் தரும் மாலிப்டினம்-99க்கே 66 மணி நேரம்தான். இங்கேதான் மாற்றுப் பாதை கைகொடுக்கும். பிரிட்டனுக்கு வரும் மருந்துகளில் முக்கால்வாசி ஆங்கிலக் கால்வாயின் குறுகிய கடல் வழியாகத்தான் வருகிறது என்று அரசின் சொந்த ஆவணமே சொன்னது. அதனால் இந்தக் கதிரியக்க மருந்துகளுக்கு விமானம், மற்றவைக்கு வேறு துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் என்று திட்டம் போட்டார்கள். பிரெக்சிட் தள்ளிப்போனதும் கப்பல் ஒப்பந்தங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று, அதற்கும் செலவு. அதை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் நெருக்கடி வந்தபிறகு கப்பலில் இடம் தேடினால் கிடைக்காது.

சொந்தத் தயாரிப்புதான் கேட்க நன்றாக இருக்கும். இந்தியா 2020இல் மூலப்பொருள் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு ரூ.6,940 கோடி ஒதுக்கியது, ஆஸ்திரியா பென்சிலின் ஆலையைத் தக்கவைக்க 5 கோடி யூரோ தர முன்வந்தது. ஆன்டிபயாட்டிக் மாதிரி சிலவற்றுக்கு இது அவசியம்தான். ஆனால் நுண்ணுயிரை வளர்த்து ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நொதித்தல் ஆலை கட்ட வருஷங்கள் ஆகும், அப்புறம் மலிவு இறக்குமதியோடு மோத வேண்டும், அரசே வாங்கிக்கொள்வதாக உறுதி தராவிட்டால் பூட்டு விழும். உள்நாட்டில் ஆலை இருந்தாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் வட கரோலினாவில் ஒரே ஓர் ஆலையை நிறுத்தியது. அமெரிக்காவின் நரம்புவழி ஏற்றும் திரவங்களில் சுமார் 60 சதவீதம் அங்கேதான் தயாரானது, மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன, கடைசியில் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தார்கள்.