பெர் லாஷேஸா, காட்டகோம்பா?

பாரிசில் அரை நாளே கையில் உள்ளவர்கள் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதா, நிலத்தடி எலும்புக் கிடங்கான காட்டகோம்புக்குப் போவதா என்று தயங்குவதுண்டு.

செலவு: 1804இல் திறக்கப்பட்ட தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை, கிடங்குக்கு உண்டு.

நடை: தோட்டம் ஏறத்தாழ 44 ஹெக்டேர், மேடும் பள்ளமுமான கற்பாதை, கிடங்கில் 131 படிகள் இறங்கி 112 படிகள் ஏற வேண்டும்.

காண்பது: தோட்டத்தில் இசைமேதை ஷோப்பனின் கல்லறை உள்ளது (அவருடைய இதயம் மட்டும் வார்சாவில் ஒரு தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது). கீழேயோ, நிரம்பி வழிந்த நகர இடுகாடுகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கொண்டுவரப்பட்ட லட்சக்கணக்கானோரின் எலும்புகள், தொடையெலும்பு வரிசைகளுக்கிடையே மண்டையோடுகள் பதித்த சுவர்களாக, பெயரின்றி அடுக்கப்பட்டுள்ளன.

குறிப்பிட்ட ஒருவரின் கல்லறையைத் தேடிச் செல்பவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் தோட்டமே ஏற்றது, அங்கே நினைத்த இடத்தில் திரும்பிவிடலாம். கோடை வெயிலுக்கு ஒதுங்க நினைப்பவர்களுக்கு, ஆண்டு முழுவதும் 14 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும் கிடங்கு.