பேட்டரி மைட்டர் சா: சைட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு

பிளேடும் மோட்டாரும் உள்ள தலையை முன்னும் பின்னும் நகர்த்தி, மரத்தை வேண்டிய கோணத்தில் குறுக்கே அறுக்கும் ஸ்லைடிங் மைட்டர் சா மர வேலைக்காரர்களுக்குப் புதிதில்லை. கரண்ட்டில் ஓடும் 10 இஞ்ச் மிஷின் ஓரளவு பெரிய பட்டறைகளில் எப்போதோ வந்துவிட்டது. பேட்டரியில் ஓடுவதைப் பற்றித்தான் இன்னும் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். தேக்கு அறுக்குமா, எவ்வளவு நேரம் நிற்கும், கொடுக்கிற காசுக்குத் தகுமா? கோவைப் பக்கம் வீடுகளுக்கு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். கதவு நிலை, பீடிங், ஸ்கர்ட்டிங், மாடுலர் கிச்சன், அலுமினிய புரொஃபைல் என எல்லாமே இந்த மிஷினில்தான் சில வருஷமாக ஓடுகிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 18 வோல்ட், 216 மில்லிமீட்டர் பிளேடு, பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார். கம்பெனிப் பெயர் வேண்டாம். கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்தக் கம்பெனி மிஷினுக்கும் பொருந்தும்.

முதலில் பவர். 18 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கிறது. முழு சார்ஜில் அது 20 வோல்ட்டைத் தாண்டும். சில கம்பெனிகள் டப்பாவில் 20 வோல்ட் என்று போடுவது இந்தக் கணக்கில்தான், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மகிட்டாவின் 190 மில்லிமீட்டர் மாடல் போலச் சில மிஷின்கள் இரண்டு 18 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 36 வோல்ட்டில் ஓடும். என்னுடையது ஒற்றைப் பேட்டரிதான். 4 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி போட்டால் பீடிங், ப்ளைவுட் பட்டை எல்லாம் வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் நல்ல தேக்குச் சட்டத்தை வைத்து இறக்கினால் பாதியில் சத்தம் கம்மும், பிளேடு திணறும். அதே வேலைக்கு 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை மாட்டினால் மிஷினே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய பேட்டரி அதிக நேரம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாரம் ஏறும்போது அதன் வோல்ட்டேஜ் அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்பதுதான் உண்மையான லாபம். அதனால் விலை விசாரிக்கும்போது பாடி விலையை, அதாவது பேட்டரி இல்லாத வெறும் மிஷின் விலையை, மட்டும் கேட்காதீர்கள். பெரிய பேட்டரி இரண்டு, வேகமான சார்ஜர் ஒன்று, எல்லாம் சேர்த்து என்ன ஆகிறது என்று கேளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் தலை சுற்றும், சரி.

அறுக்கும் அளவும் முக்கியம். 216 பிளேடில் ஆழம் சுமார் 70 மில்லிமீட்டர், அகலம் 270 சொச்சம். நம் ஊர்க் கதவு நிலை 5க்கு 3 இஞ்ச் சட்டம். மூன்று இஞ்ச் என்பது 76 மில்லிமீட்டர், ஒரே தடவையில் அறுபடாது. இழைத்து இரண்டே முக்காலுக்கு வந்த பிறகுதான் நூலிழையில் தப்பிக்கும். ஒரு அடி அகல ஷெல்ஃப் பலகையும் அப்படித்தான், திருப்பிப் போட்டு மீதியை அறுக்க வேண்டும். தினமும் நிலைச் சட்டம்தான் வேலை என்றால் 10 அல்லது 12 இஞ்ச் மிஷின் பாருங்கள்.

இனி செட்டிங். டப்பாவிலிருந்து எடுத்ததும் நேராக மரத்தை வைத்து அறுப்பவர்கள்தான் அதிகம். பேக்டரியில் செட் செய்தது வண்டியில் குலுங்கி வரும்போதே கொஞ்சம் நகர்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, தலையைக் கீழே இறக்கி லாக் செய்து, மூலைமட்டத்தை ஃபென்ஸில் (மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்தடுப்பு) ஒரு பக்கமும் பிளேடில் ஒரு பக்கமுமாக வையுங்கள். பிளேடின் தட்டையான உடம்பில் மட்டம் படிய வேண்டும். கார்பைடு பல் உடம்பைவிடப் புடைத்திருக்கும், பல்லில் பட்டால் அளவு பொய் சொல்லும். இடைவெளி தெரிந்தால் ஃபென்ஸ் போல்ட்டையோ கோணத் தட்டின் ஸ்குரூவையோ தளர்த்தி நகர்த்தலாம், எது என்பது மாடலைப் பொறுத்தது. அப்புறம் மட்டத்தை மேஜை மேல் நிறுத்தி, பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்று அதே மாதிரி பாருங்கள்.

மட்டத்தையே நம்ப முடியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. இரு ஓரமும் இணையாக இருக்கிற ஆறு இஞ்ச் அகல ப்ளைவுட் பட்டையை நடுவில் அறுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் ஒரு நேர்கோல் ஓரமாக ஒட்டி, அறுத்த முகங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாமல் ஒட்டினால் 90 டிகிரி சரி. இடைவெளி தெரிந்தால், மிஷினில் இருக்கும் தப்பு அதில் பாதி. இந்தச் சோதனை தப்பை இரட்டிப்பாக்கிக் காட்டுவதால் கண்ணுக்கே தெரிந்துவிடும். இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். நான்கு மூலை ஃப்ரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி தப்பினால் கடைசி மூலையில் மொத்தம் இரண்டு டிகிரி வந்து நிற்கும். அதைப் புட்டி வைத்து மூடலாம், பாலிஷ் போட்டால் பல்லிளிக்கும்.

நோகடிக்கும் விஷயம் ஒன்று. 45 டிகிரியில் ஒரு பள்ளம் இருக்கும், கைப்பிடி அங்கே தானாக விழுந்து உட்காரும். வசதிதான். ஆனால் நம் வீட்டுச் சுவர் எதுவும் சரியாக 90 இல்லை. சுவர் மூலை 91 இருந்தால் ஸ்கர்ட்டிங்கை மிஷின் அளவில் 44.5க்கு வைத்து அறுக்க வேண்டும். அரை டிகிரி தள்ளி வைத்தால் அது மறுபடி 45க்கே வழுக்கிப் போகும். பள்ளத்தைத் தவிர்க்கும் பட்டன் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதில் இல்லை, லாக்கை இறுக்கும்வரை கையை எடுக்காமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

மிஷினை எங்கே வைப்பது? இதில்தான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை மிதித்துப் பிடித்துக்கொண்டு உளியும் ரம்பமும் ஓட்டுவது நமக்குக் கைவந்த கலை. கை ரம்பத்துக்கு அது சரி. ஸ்லைடிங் மிஷினைத் தரையில் வைத்தால், பிளேடு வெளியே இழுபடும் பாதையில் நம் முழங்காலும் முகமும் இருக்கும். ஸ்டாண்டில்தான் வைக்க வேண்டும். கம்பெனி ஸ்டாண்ட் விலை அதிகம் என்றால், ஸ்டீல் ட்ரெஸ்ஸில் எனும் தாங்கிக் கால் இரண்டின் மேல் 18 மில்லிமீட்டர் ப்ளை போட்டு, மிஷினின் நான்கு கால் ஓட்டையிலும் போல்ட் அடித்து இறுக்குங்கள். இரண்டு பக்கமும் மிஷின் மேஜை உயரத்துக்கே ப்ளைவுட்டில் பெட்டி செய்து வைத்தால் நீளக் கட்டை படுத்திருக்கும். பின்னால் தண்டவாளம் நீட்டும் மாடல் என்றால் சுவரோரம் வைக்க முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எட்டடிக் கட்டையின் மறுமுனையைப் பையனைப் பிடிக்கச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். வெட்டு முடியப் போகிற நேரத்தில், கட்டை விழுந்துவிடுமோ என்று அவன் நுனியை லேசாகத் தூக்குவான். தூக்கினால் வெட்டு வாய் மேலே மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். மனுஷன் தாங்குவதைவிடப் பெட்டி தாங்குவது நல்லது.

இப்போது ஓட்டும் முறை. ஸ்லைடிங் மிஷினில் இழுத்துக்கொண்டே அறுக்கக் கூடாது, தள்ளிக்கொண்டே அறுக்க வேண்டும். நிறுத்தி வைத்த தலையை முழுதாக நம் பக்கம் இழுங்கள். ட்ரிகரை அழுத்தி, பிளேடு முழு வேகத்துக்கு வந்ததும் கீழே இறக்குங்கள். அப்புறம் ஃபென்ஸை நோக்கி நிதானமாகத் தள்ளுங்கள். காரணம் எளிது. பிளேடின் அடியில் பற்கள் நம்மிடமிருந்து ஃபென்ஸ் பக்கமாகப் போகின்றன. தள்ளும்போது மரம் ஃபென்ஸில் அழுந்தும். இழுத்து அறுத்தால் பற்கள் மரத்தின் மேல் ஏறி, மொத்தத் தலையும் நம் நெஞ்சை நோக்கிப் பாயப் பார்க்கும். வெட்டு முடிந்ததும் தலையைத் தூக்கிவிட ஆசையாக இருக்கும். ட்ரிகரை விட்டு, பிளேடு நிற்கும்வரை கீழேயே பிடித்திருங்கள். பிரேக் இருப்பதால் சில நொடிதான். சுற்றுகிற பிளேடு தூக்கும்போது சின்னத் துண்டில் பட்டால், அது கல்லாகப் பறக்கும்.

கை பிளேடிலிருந்து குறைந்தது 100 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன மேனுவல்கள். நான் ஒரு சாண் வைத்துக்கொள்கிறேன். அதற்குள் கை வந்தாக வேண்டும் என்றால் கிளாம்ப் போடுவேன். வளைந்த பலகை என்றால் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும், வெட்டுக் கோட்டில் இடைவெளியே இருக்கக் கூடாது. ஒரே அளவில் நிறையத் துண்டு அறுக்க ஸ்டாப்பர் கட்டை வைக்கிறீர்களா? கையோ கிளாம்ப்போ பிடித்திருக்கும் பக்கம் மட்டும் வையுங்கள். அறுந்து விழும் பக்கத்தில் வைத்தால், துண்டு ஸ்டாப்பருக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டித் தெறிக்கும்.

கையுறை வேண்டாம். லுங்கி, தொங்கும் சட்டைக் கை, மோதிரம் எதுவும் வேண்டாம். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் அதைக் கழற்ற மனசு வராது. முழுக்கைச் சட்டையின் பட்டனைப் போட்டு உள்ளே அடக்கிவிடுங்கள். கண்ணாடி கட்டாயம். சத்தம் 90 டெசிபலுக்கு மேல் இருப்பதால் காதுக்கும் ஏதாவது வேண்டும்.

பல சைட்டுகளில் பார்க்கிறேன், கீழ் கார்டை, அதாவது பிளேடை மூடும் காப்பு மூடியை, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கோடு தெரியவில்லை என்பது காரணம். கோடு தெரியத்தான் லைட் கொடுத்திருக்கிறான். லேசரைவிட, எல்இடி பிளேடின் நிழலை மரத்தில் விழச் செய்யும் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. பிளேடு மாற்றினாலும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டியதில்லை, பிளேடு எடுக்கப்போகும் தடிமன் அப்படியே தெரியும். வெட்டவெளி வெயிலில் இரண்டுமே தெரியாது, அது வேறு. கார்டு ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை என்றால், உள்ளே மரத்தூளும் பிசினும் அடைத்திருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

பேட்டரியை எடுத்துவிட்டு என்று இத்தனை தடவை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கரண்ட் மிஷினில் பிளக்கைப் பிடுங்கினால் கதை முடிந்தது, வயர் தொங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதில் பிளக்கே இல்லை. சும்மா ஓரமாக நிற்கும் மிஷினும் எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்கிறது. லாக் பட்டன் இருக்கிறது, ஆனால் அது பிளக்கைப் பிடுங்கியதற்கு ஈடாகாது. எங்கள் சைட்டில் இப்போது ஒரு வழக்கம். யார் பிளேடு பக்கம் கை கொண்டுபோனாலும் பக்கத்தில் இருப்பவன் "அண்ணே, பேட்டரி?" என்று கேட்பான். நான் பேட்டரியைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் சாவியை எடுப்பேன். பிளேடு போல்ட் பெரும்பாலும் இடதுபுரி, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும். புது பிளேடின் அம்புக்குறியும் கார்டில் இருக்கும் அம்புக்குறியும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

பிளேடு வாங்கும்போது 216க்கு நடு ஓட்டை 30 மில்லிமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள். பல் பின்பக்கம் சாய்ந்த, அதாவது நெகட்டிவ் கோணப் பிளேடுதான் ஸ்லைடிங் மிஷினுக்கு. முன்னால் சாய்ந்தது மரத்தைக் கவ்வி இழுக்கும். மெல்லிய பிளேடு போட்டால் பேட்டரி கூடுதல் நேரம் வரும். லேமினேட் ஒட்டிய ப்ளைக்கு 60 பல் போதும், கீழே ஒரு 6 மில்லிமீட்டர் ப்ளையை விரித்து அறுத்தால் ஓரம் பிய்யாது. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது, பிளேடு சீக்கிரம் மழுங்கும். அலுமினியத்துக்கு அதற்கென்று உள்ள பிளேடு தனி. புரொஃபைலைக் கட்டாயம் கிளாம்ப் போட்டு, உள்ளே மரக்கட்டை முட்டுக் கொடுத்து அறுங்கள். அதற்கு முன் தூசிப் பையைக் காலி செய்துவிடுங்கள். சூடான உலோகத் துகள் மரத்தூளில் விழுவது நல்லதில்லை.

தூசிப் பை என்று கூடவே ஒன்று கொடுக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. தூசியில் பெரும்பகுதி பையைத் தவிர எல்லா இடத்துக்கும் போகிறது. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வேக்கம் கிளீனரை மாட்டுங்கள், மாஸ்க்கும் போடுங்கள். வேக்கத்துக்கு வயர் வேண்டுமே என்பீர்கள். ஆமாம், வேண்டும். வயரில்லா மிஷின் வாங்கியும் ஒரு வயர் மிச்சம் இருக்கிறது.

பேட்டரி பராமரிப்பில் எதிரி நம் வெயில்தான். மூடிய வண்டிக்குள் மத்தியானம் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். தொடர்ந்து தேக்கு அறுத்த சூட்டோடு சார்ஜரில் வைத்தால் சார்ஜ் ஏறாது, ஆறும்வரை காத்திருக்கும். அது ரிப்பேர் இல்லை. ரொம்ப நாள் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வைத்துவிடலாம்.

குட்டி யானையில் ஏற்றுவதற்கு முன் தலையை இறக்கி லாக் பின்னைச் செருகுங்கள், ஸ்லைடையும் லாக் செய்யுங்கள். கார்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கரடுமுரடான ரோட்டில் போய் இறங்கினால், புரட்டிப் பார்க்கும் சோதனையை மறுபடி ஒரு தடவை செய்கிறேன்.

பட்டறையில் ஒரே இடத்தில் வைத்து, கரண்ட் பிரச்சினை இல்லாமல் அறுப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு இதைவிடப் பெரிய கரண்ட் மிஷின் வந்து இன்னும் மிச்சம் இருக்கும். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், தற்காலிக மீட்டரிலிருந்து ஒட்டுப் போட்ட வயரை மூன்றாவது மாடிக்கு இழுத்து, நடுவில் சிமென்ட் கலக்கிற தண்ணீரையும் தாண்டி வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வாங்குவதற்கு முன் ட்ரிகர் சுவிட்சும் கார்டு ஸ்பிரிங்கும் ஸ்பேரில் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்று கடையில் கேளுங்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பன் பிரஷ் மாற்றும் வேலை கிடையாது. ஆனால் சுவிட்சில் தூசி போகும். எனக்கு சுவிட்ச் ஒருமுறை கெட்டுப்போய், சர்வீஸில் ஸ்பேர் வரும்வரை வாடகை மிஷினில் வேலையை ஓட்டினேன்.