ஓசூர் பெயிண்ட் சேறு: குழியா, எரிஉலையா, சிமெண்ட் சூளையா?

ஓசூர் சிப்காட்டில் பெயிண்ட் அடிக்கும் எந்தச் சின்ன யூனிட்டுக்குள் போனாலும் ஸ்பிரே பூத்துக்குப் பின்னால் நாலைந்து பேரல் நிற்கும். ஒன்றில், சிதறும் பெயிண்டைப் பிடிக்கும் தண்ணீர்த் திரையிலிருந்து அள்ளிய சேறு, இன்னொன்றில் ஸ்பிரே கன் கழுவிய தின்னர். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீட்டித்துக் கொடுத்தால் ஒழிய, 90 நாள்தான் இதை வைத்திருக்கலாம். அப்புறம்?

பலரும் முதலில் சொல்வது கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் புதைக்கும் இடம். அடியில் கசியாத விரிப்பு போட்ட குழி, ஊறும் நீரையும் பிடித்துச் சுத்திகரிப்பார்கள். சாம்பலுக்கும் உலோகச் சேற்றுக்கும் அது சரி. பெயிண்ட் சேற்றிலோ ரெசின் இருக்கிறது; நன்றாக எரியும். கிலோவுக்கு 2,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவைப் புதைக்காமல் எரிபொருளாக்கச் சொல்கிறார்கள். ஈரத்தோடு புதைக்கவும் முடியாது.

எரிஉலையில் இரண்டாம் அறை 1,100 டிகிரி. புகை அங்கே 2 நொடியாவது நிற்க வேண்டும். குளோரின் கலந்த கழிவுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் செலவு கடிக்கும், மிஞ்சும் சாம்பல் மறுபடி குழிக்கே போகும்.

என் ஓட்டு அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் சூளைகளுக்கு. சுடர் 2,000 டிகிரியைத் தொடும், அரைத்தால் சிமெண்ட் ஆகும் கிளிங்கர் கட்டி 1,450-இல் வெந்துகொண்டிருக்கும். சேற்றின் வெப்பம் கொஞ்சம் நிலக்கரியை மிச்சம் பிடிக்கிறது. சாம்பலும் குரோமியம் போன்ற உலோகங்களில் பெரும்பகுதியும் கிளிங்கரிலேயே கட்டுண்டு போகின்றன. பாதரசம் மட்டும் அடங்காது, ஆவியாகிப் புகையோடு போய்விடும். நம் ரெண்டு பேரலை அப்படியே சூளையில் போடவும் மாட்டார்கள். வேறு கழிவுகளோடு கலந்து ஒரே பதமாக்கித் தரும் அனுமதி பெற்ற இடம் வழியாகத்தான் போகும்.

சேற்றிலிருந்து மட்டமான பிரைமர் செய்பவர்களும் உண்டு. வாரிய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம்.

தின்னர் கதை வேறு. அதைக் காய்ச்சி வடித்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். அடியில் தங்கும் பிசின் மட்டும் சூளைக்கு. கழுவிய தின்னரைச் சேற்றுப் பேரலில் ஊற்றிவிடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஊற்றினால் தின்னரும் போச்சு, பேரலும் தீப்பிடிக்கும் சரக்காகிவிடும். சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழியாமல் ஏற்றுகிறவர்கள் தண்ணீருக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்கிறார்கள்.

காலிப் பேரலும் அபாயக் கழிவுக் கணக்கில்தான் வருகிறது. காயலான் கடைக்குப் போனால் யார் வீட்டிலாவது தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள்.