பாலக்காடு டவுனில் நடுத்தர விலை பிளாட்: ஊர் அருமை, ஆதாரத்தை (கிரயப் பத்திரத்தை) படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

நூரணி, சுல்தான்பேட்டை, ஒலவக்கோடு வட்டாரத்தில் இரண்டு படுக்கையறை பிளாட் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வசிக்கும் இடம் என்ற வகையில் குறை சொல்ல அதிகமில்லை. அக்ரகாரம், ராவுத்தர் வீடுகள், தேவாலயம், மலையாளக் குடும்பங்கள் எல்லாம் நடை தூரத்தில். கடைத்தெருவில் தமிழிலேயே சமாளித்துவிடலாம். ஒலவக்கோட்டில் ஜங்ஷன் இருக்கிறது, டவுன் ஸ்டேஷனிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில், வாளையார் வழியாகக் கோவை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டையும் ஐ.ஐ.டி.யும் இருப்பதால் வாடகைக்கு விடவும் ஆள் கிடைக்கும்.

சிக்கல் காகிதத்தில்தான் தொடங்குகிறது, அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லில். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். மலபார் பக்கத்துப் பழைய பதிவுகளில் 'நஞ்ச' என்றும் இருக்கும். வீடு கட்டத் தகுந்த இடமென்றால் 'புரையிடம்', 'தோட்டம்', 'பறம்பு' என்று வர வேண்டும். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் 'நிலம்' என்பதைப் படித்துவிட்டுச் சாதாரணமாகத் தாண்டிப்போகிறவர்கள் பலர். 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயலை நினைத்தபடி மண் போட்டு மேடாக்க முடியாது. அதற்கு முன்பே மேடாக்கிய இடமும், தரம் மாற்றிய உத்தரவு வாங்காதவரை, பதிவேட்டில் வயலாகவே நிற்கும். அப்படிப்பட்ட மனையில் கட்டிய பிளாட்டுக்கு வங்கி வக்கீல் கடனை நிறுத்திவைப்பார், நாளை விற்கும்போது வாங்குபவரின் வக்கீலும் அதையே கேட்பார். ஆகவே வில்லேஜ் ஆபீஸில் பி.டி.ஆர். (அடிப்படை வரிப் பதிவேடு) பதிவைப் பாருங்கள். அந்த சர்வே எண் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், ஈரநிலப் பட்டியலில், இருக்கிறதா என்று கேளுங்கள். வயல் என்றிருந்தால் தரம் மாற்றி வருவாய்த் துறை தந்த உத்தரவின் நகல் கையில் வரும்வரை ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

மற்ற காகிதங்கள்: ஆதாரம், முன்னாதாரம் (அதற்கு முந்தைய பத்திரம்), 30 வருடத்துக்கான பாத்யதா சான்றிதழ் (நம்மூர் வில்லங்கம்தான்), நடப்பு ஆண்டு கரம் (நிலவரி) கட்டிய ரசீது, இடம் விற்பவர் வசம் இருப்பதற்கான கைவசச் சான்று, குடியேறலாம் என்று நகராட்சி தந்த ஆக்குபன்சி சான்றிதழ். பில்டர் அந்த மனையை வங்கியில் அடமானம் வைத்துக் கட்டியிருந்தால், உங்கள் பிளாட்டை விடுவித்து அந்த வங்கி தரும் கடிதமும் வேண்டும். ஆதாரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் எப்போதும் பாத்யதா சான்றிதழில் தெரிவதில்லை. அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் தளத்தில் தேடச் சொல்லி வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். ஆதாரம் மலையாளத்தில் இருக்கும், எல்லைகளையும் பங்கு அளவையும் வரி வரியாக மொழிபெயர்த்துத் தரச் சொல்வதில் தவறே இல்லை.

செலவுக் கணக்கில் பலர் சறுக்குவது பதிவுக் கட்டணத்தில். கேரளாவில் பொதுவாக முத்திரை 8 சதவீதம், பதிவு 2 சதவீதம். அந்தக் கணக்கில் 40 லட்சம் பிளாட் என்றால் 4 லட்சம் தனியாக வேண்டும், அதை வங்கி பொதுவாகக் கடனில் சேர்க்காது. கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு: விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம், மீறினால் 5. கட்டுமான முடிவுச் சான்றிதழ் பெற்ற பிறகு விற்கும் பிளாட்டுக்கும் மறுவிற்பனைக்கும் அது இல்லை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'இன்றே 25 சதவீதம் கொடுத்தால் சலுகை' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனைப்பங்கையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சென்ட் மனையில் 24 பிளாட் என்றால் மொத்தம் 8,712 சதுர அடி, சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 363. ஆதாரத்தில் அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள். திறந்தவெளி பார்க்கிங் பொதுச் சொத்து, அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

தண்ணீர் இங்கே கோடையில்தான் சோதனைக்கு வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலில், 24 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 12,960 லிட்டர். சம்ப்பில் ஒரு நாளுக்காவது இருப்பு நிற்க வேண்டும், இரண்டு நாளுக்கு என்றால் நிம்மதி. வாட்டர் அத்தாரிட்டி இணைப்பு இருக்கிறதா, வெறும் போர்வெல்லா என்று கேட்பதோடு நிறுத்தாமல், கடந்த இரண்டு வருட மார்ச் முதல் மே வரையான லாரித் தண்ணீர் பில்களை அசோசியேஷனிடம் வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் காரணம் அந்த பில்களில்தான் இருக்கும்.

மேற்குச் சுவர் இன்னொரு பலவீனம். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஜூன், ஜூலை மழையை அந்தச் சுவரில் அடிக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பூச்சு வெடித்திருந்தால் நீர் உள்ளே இறங்கும், மூலையில் பெயிண்ட் உப்பும், உப்பு பூக்கும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் கையை வைத்துப் பாருங்கள். குளியலறையில் வடிகாலை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். மேல்மாடி சற்று மலிவு, ஆனால் ஏப்ரல் வெயிலில் கூரை இறக்கும் சூடு தாங்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் பார்த்தால், இந்த ஊரில் எட்டுப் பத்து வருடப் பழைய பிளாட்டே எங்கள் பரிந்துரை. சுவர் பல மழையைக் கண்டிருக்கும், தண்ணீர்க் கணக்கு பில்லில் இருக்கும், ஜி.எஸ்.டி.யும் கிடையாது. புதிது வேண்டுமென்றால் கேரள ரெரா தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள். கட்டுமானக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடம் பில்டரே பொறுப்பு.

பத்திரம் முடிந்ததும் போக்குவரவு (நம்மூர் பட்டா மாற்றம் போன்றது) செய்து உங்கள் பெயருக்குத் தண்டப்பேர் எண், அதாவது நிலவரிக் கணக்கு எண், வாங்குங்கள். அதன்பின் கே.எஸ்.இ.பி. மின் இணைப்பும் நகராட்சிச் சொத்து வரியும் பெயர் மாற வேண்டும். பழைய உரிமையாளரின் மின் பாக்கி, அசோசியேஷன் பாக்கி இரண்டுக்கும் 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தைப் பதிவு நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள், பணம் கைமாறிய பிறகு அதற்காக நடக்க வேண்டியிருக்கும்.