வேலித் தூண்கள்: கான்கிரீட்டா, மரமா?

தோட்டத்துக்குப் பேனல் வேலி, அதாவது தூண்களுக்கிடையே ஆயத்த மரத்தட்டிகளைப் பொருத்தும் வேலி, போடவிருக்கும் நண்பர் ஒருவர், எந்தத் தூண் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். என் தோட்டத்தின் பின்பக்கம் காடி (பேனலின் விளிம்பு சொருகும் நீள்பள்ளம்) வைத்து வார்த்த கான்கிரீட் தூண்களும், படுக்கையறையை ஒட்டிய பக்கவாட்டில் மருந்தேற்றிய மரத்தூண்களும் பல மழைக்காலங்களைக் கண்டுவிட்டன. படுக்கையறைப் பக்கத்து மரத்தூண்களில் ஒன்றை அண்மையில் மாற்ற வேண்டி வந்ததால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாற்றிய அந்தத் தூணைப் பிடுங்கியபோது அதன் அடிமுனை புதிதுபோல் இருந்தது. மேற்பகுதியும் கெட்டியாகவே இருந்தது. மண்மட்டத்தை ஒட்டிய நான்கு விரற்கடை அளவு மட்டும் உளுத்து உதிர்ந்திருந்தது. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் அது வளராது. மண்ணுக்குள் ஆழத்தில் காற்று போதாது, மேலே வெயில் காயவைத்துவிடும். இரண்டும் கூடும் இடம் மண்மட்டம்தான். அடுத்திருந்த மரத்தூணுக்கோ, அதைச் சுற்றிக் குழியில் ஊற்றிய கான்கிரீட்டை மண்ணுக்குச் சற்று மேலே உயர்த்தி, நாற்புறமும் வெளிநோக்கிச் சரிவாகப் பூசியிருந்ததால், அதே மரம், அதே மருந்து என்றாலும் அது இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆகவே மரத்தூண் வாங்குவோர் மண்ணில் புதைப்பதற்கென்றே மருந்தேற்றிய தரத்தைக் கேட்டு வாங்குவதோடு, அறுத்த முனையில் மருந்து ஏறாத உள்மரம் வெளிப்பட்டிருக்கும் என்பதால், அறுக்காத முனையையே குழிக்குள் இறக்க வேண்டும். அடியில் ஒரு சாண் ஜல்லி பரப்புவதையும் தவறவிடக் கூடாது.

கான்கிரீட் தூண்களைப் பொறுத்தவரை உறுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1.8 மீட்டர் சதுரமான இடைவெளியில்லாத பேனலின் மீது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதினால், அதன் விசை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குக் குறையாது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அந்தச் சுமை முழுவதையும் தாங்குவது தூணின் அடிப்பகுதிதான். ஆகவே 1.8 மீட்டர் பேனலுக்கு 60 சென்டிமீட்டர் ஆழம் மண்ணுக்குள் போக வேண்டும், அதாவது 2.4 மீட்டர் தூண் வேண்டும். பேனலுக்கு அடியில் 30 சென்டிமீட்டர் உயரக் கான்கிரீட் பலகையும் வைப்பதானால் 2.7 மீட்டர் தூண் வாங்க வேண்டும். குழியின் அகலம் தூணின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருப்பது நல்லது.

நிறுத்தும் முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் தூண்களையும் அளந்து நட்டுவிட்டுப் பேனலைப் பிறகு சொருகலாம் என்று எண்ணக் கூடாது. நூல் கட்டி, முதல் தூணை நட்டு, பேனலைக் காடியில் இறக்கி, அதன் மறுமுனைக்கு ஏற்ப அடுத்த தூணை நிறுத்துவதே முறை. தூண் ஒரு பாகை சாய்ந்தாலே 1.8 மீட்டர் உயரத்தில் 3 சென்டிமீட்டர் விலகிவிடும். பேனல் ஒன்று இறங்காது, அல்லது காடியை விட்டு நழுவும். ரசமட்டத்தைத் தூணின் இரு முகங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். தூண்களின் எடை கருதி இருவராவது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அந்த உழைப்புக்குப் பலன் பின்னால் கிடைக்கிறது: பேனல் பழுதானால் ஆணியோ திருகோ கழற்றாமல் மேலே உருவி, புதியதை இறக்கிவிடலாம். இந்த வசதியை நான் எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஆனால் அந்தச் சத்தம்! பேனல் தடையின்றி இறங்க வேண்டும் என்பதற்காகக் காடியில் சில மில்லிமீட்டர் இடம் விட்டே வார்க்கிறார்கள். வெயிலில் மரச்சட்டம் காய்ந்து சுருங்கும்போது அந்த இடைவெளி இன்னும் விரிகிறது. காற்று வீசும் இரவுகளில் ஒவ்வொரு பேனலும் இரு பக்கத் தூண்களிலும் மாறிமாறி மோதிக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். புயல் வேண்டியதில்லை, விட்டுவிட்டு வீசும் மிதமான காற்றே போதும். ரப்பர் ஆப்புகளைச் சொருகினேன். சில வாரங்கள் அமைதியாக இருந்தது, பிறகு ஆப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே நழுவின. இறுக்கமாக அடித்தால், மழையில் மரம் உப்பும்போது பேனல் காடியில் சிக்கிக்கொள்கிறது. உருவி மாற்றும் வசதியும் அத்துடன் போய்விடுகிறது. இப்போது சட்டத்தின் விளிம்பில் மென்மையான நுரைப்பட்டை ஒட்டியிருக்கிறேன். சத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. மரத்தூணில் பேனலைத் திருகி முடுக்கிவிடுவதால் பக்கவாட்டு வேலியிலிருந்து இத்தனை ஆண்டுகளில் ஒரு முனகல்கூடக் கேட்டதில்லை.

உறுதி, ஆயுள், பராமரிப்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும் கான்கிரீட்டே மேல் என்பதை மறுக்க முடியாது. நண்பரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆயினும் படுக்கையறைப் பக்கம் உளுத்த தூணுக்குப் பதிலாக நான் நட்டது மீண்டும் மரத்தூண்தான். இந்த முறை கான்கிரீட்டை மண்ணுக்கு மேலே நன்றாக உயர்த்திச் சரிவாகப் பூசியிருக்கிறேன். அங்கே இன்னொரு தூண் போனாலும் மரமே நடுவேன்.