ஆக்ஸ்ஃபர்ட் லேர்னர்ஸ் தெசாரஸ்: ஆங்கிலத்தில் எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒரு நல்ல துணை

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் ஒரு கொண்டோவின், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின், நிர்வாக அலுவலகத்தில். குடியிருப்பாளர்களுக்கு அறிவிப்பு, நிர்வாக மன்றத்துக்குக் கடிதம், குத்தகையாளருக்கு நினைவூட்டல் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுத்து வேலை. பேசும்போது ஆங்கிலம் தடையில்லாமல் வந்துவிடும். எழுத உட்கார்ந்தால்தான் பொருள் நெருக்கமான நாலைந்து சொற்கள் வரிசையில் வந்து நிற்கும், எதை எடுப்பது என்று கை தயங்கும். அந்தத் தயக்கத்தைத் தீர்க்கிற புத்தகம் இந்த ஆக்ஸ்ஃபர்ட் லேர்னர்ஸ் தெசாரஸ். 2008இல் வெளிவந்தது. இதற்குப் பிறகு எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. ஆனாலும் என் மேசையில் இதற்கு ஓர் இடம் இருக்கிறது.

தெசாரஸ் என்றாலே ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் தருவது என்றுதான் நினைப்போம். வேர்டில் ஒரு சொல்லின் மேல் வலது கிளிக் செய்தால் அதுதான் கிடைக்கிறது: ஒரு பட்டியல், அவ்வளவே. தெசாரஸ் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் ரோஜே. அவர் ஒரு மருத்துவர். 1852இல் வந்த அவருடைய நூலும் சொற்களைக் கருத்துவாரியாகத் திரட்டித் தந்ததே தவிர, சொல்லுக்குச் சொல் என்ன வேறுபாடு என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. அது தனித் துறை, இங்கே அதில் இறங்கவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். நம் திவாகரமும் சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அடுக்கித் தருவது போலத்தான். மொழி கைவந்தவருக்கு அது போதும், எதை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதுகிறவருக்குப் பட்டியல் மட்டும் கிடைத்தால் குழப்பம்தான் கூடும்.

இந்தப் புத்தகம் அந்த வேறுபாட்டைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறது. நெருங்கிய சொற்களை ஒரு கூட்டமாக வைத்து, முதலில் அவற்றுக்குப் பொதுவான பொருளைச் சொல்கிறது. பிறகு ஒவ்வொன்றும் எங்கே விலகுகிறது என்று எளிய வாக்கியங்களில் காட்டுகிறது. எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வரும் என்பதையும் தருகிறது. அந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நம்மை நேராகத் தொடும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் எதற்கும் கட்டணம் என்று சொல்லிவிடலாம். பேருந்துக்குக் கட்டணம், பள்ளிக்குக் கட்டணம், 1998இலிருந்து இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டண வளைவைக் கடந்தால் அதற்கும் கட்டணம். ஆங்கிலத்தில் ஃபேர், ஃபீ, சார்ஜ், டோல் என்று பிரிந்துவிடும். போக்குவரத்தில் பயணி கொடுப்பது ஃபேர். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் சேவைக்கும், பள்ளிக்கும், ஒரு சங்கத்தில் சேருவதற்கும் கொடுப்பது ஃபீ, கொஞ்சம் முறையான சொல். பொருளுக்கோ சேவைக்கோ ஒருவர் கேட்கும் தொகை சார்ஜ். ஒரு சாலையையோ பாலத்தையோ பயன்படுத்தக் கொடுப்பது டோல். இவற்றோடு ஃபைனையும் அதே கூட்டத்தில் வைத்து, அது தண்டனையாகக் கட்டும் பணம் என்று தனியாகக் காட்டுகிறார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர். வருகையாளர் இடத்தில் இரவு முழுக்க நிறுத்தும் கார்களுக்குச் சக்கரப் பூட்டுப் போடுவது பற்றி ஓர் அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

“அக்கா, பூட்டைத் திறக்க வாங்குற காசை ஃபைன்னு போட்டுடலாமா?”

நான் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஃபைன் என்றால் அங்கே ஒரு குற்றமும் அதற்கொரு தண்டனையும் வந்துவிடும், தண்டிக்க இவர்கள் யார் என்று அடுத்த நாளே நாலு பேர் அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். பூட்டு, ஆள், நேரம் இவற்றுக்கான செலவைத்தான் வாங்குகிறோம் என்றால் சார்ஜ் என்பதே பொருந்தும். தம்பி அரைப் பக்கம் படித்துவிட்டுத் தானே மாற்றிக்கொண்டார். நான் விளக்கியிருந்தால் அக்கா சொன்னார் என்று மாற்றியிருப்பார். படித்ததால் காரணமும் சேர்ந்து புரிந்தது.

அடுத்து ரெகமெண்ட், அட்வைஸ். என்னைக் கேட்டால் இந்த ஒரு குறிப்புக்காகவே புத்தகத்தை வாங்கலாம். இரண்டும் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று சொல்வதுதான். அட்வைஸ் அழுத்தம் கூடியது, பெரும்பாலும் அதிகாரம் உள்ள இடத்திலிருந்து வருவது. நமக்குச் சமமானவரிடமோ மேலே இருப்பவரிடமோ ‘ஐ அட்வைஸ் யூ’ என்று எழுதினால், உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற தொனி வந்து மனத்தாங்கல் ஆகலாம் என்று எச்சரிக்கிறார்கள். ரெகமெண்டில் உதவி செய்யும் எண்ணம்தான் முன்னால் நிற்கும். சாதாரண அகராதியில் இந்த அளவுக்கு மனிதரை நினைத்து எழுதிய குறிப்பைப் பார்ப்பது அரிது. நிர்வாக மன்றத் தலைவருக்கு, தண்ணீர்த் தொட்டியை இந்த மாதமே சுத்தம் செய்வது நல்லது என்று எழுதும்போது நான் ரெகமெண்டைத்தான் எடுப்பேன். மின்தூக்கி பழுதுபார்ப்பு நடக்கும் நாளில் குடியிருப்பாளர்களுக்குப் பாதுகாப்பு அறிவிப்பு ஒட்டும்போது அட்வைஸ் சரியாக உட்காரும்.

விலை மலிவு என்பதற்கான கூட்டமும் கவனமாகச் செய்தது. சீப் என்றால் தரமும் குறைவோ என்ற ஐயம் ஒட்டிக்கொள்ளும், அதைத் தவிர்க்க இனெக்ஸ்பென்சிவ் எழுதுவார்கள். ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. சட்டச் சொற்களுக்கு இது போதாது. எல்லாரும் வாய்மொழியாக மெயின்டெனன்ஸ் ஃபீ என்று சொல்வதை, 2004ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் கான்ட்ரிபியூஷன் என்றுதான் குறிப்பிடுகிறது. உரிமையாளர்கள் சேர்ந்து தங்கள் நிதிக்குப் போடும் பங்கு என்ற கருத்து அதில் இருக்கிறது. டிஃபெக்ட், டேமேஜ் இரண்டும் அப்படித்தான். புதுக் கொண்டோ வீட்டில் சாவி கிடைத்த பின் 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் கட்டுமானக் குறை என்று நிரூபணமானால் அதைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டும். யாரோ இடித்து உடைத்ததென்றால் கதையே வேறு. எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதில் யார் செலவு என்ற கேள்வியே அடங்கியிருக்கும்போது, கற்போருக்கான நூல் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது பிரிட்டிஷ் ஆங்கிலத்தை அடிப்படையாக வைத்தது. பதில் தருகிறேன் என்ற பொருளில் சிங்கப்பூர் அலுவலகங்களில் தினமும் ரிவெர்ட் எழுதுகிறோமே, பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். இப்படி நம்மூர் வழக்குக்கும் வெளி வழக்குக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்லும் என்று இந்த நூலிடம் எதிர்பார்க்க வேண்டாம். லண்டனுக்கு மின்னஞ்சல் போகிறதென்றால் நாமே பார்த்து எழுத வேண்டியதுதான்.

உயர்நிலைப் பள்ளியில் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கும் தாராளமாகத் தரலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கனம்.

புதுப் பிரதி கிடைக்காவிட்டால், தேசிய நூலகத்துக்குப் பக்கத்தில் பிராஸ் பசா காம்பிளக்ஸில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். நான் அங்கேதான் 20 வெள்ளிக்கும் குறைவாக வாங்கினேன். கூடவே வரும் குறுவட்டு இல்லாமல் விற்றாலும் கவலைப்பட வேண்டாம், இன்றைய மடிக்கணினியில் அதைப் போட இடமே இல்லை. காசு செலவழிக்கும் முன் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், ஆக்ஸ்ஃபர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரீஸ் இணையத்தளத்தில் ரெகமெண்ட், சீப், ரேட் என்று தேடுங்கள். சொல் விளக்கத்துக்குக் கீழே இதே வகையான ஒப்பீட்டுப் பெட்டிகள் இலவசமாகவே இருக்கும்.